மேசைத் தமிழும் மெத்தைத் தமிழும்

1968 செப்டம்பர். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்தார் முதலமைச்சர் அண்ணாதுரை. உணவுக்குழாயில் புற்றுநோய். அந்த நாள்களைப் பற்றித் தமிழ்நாட்டு மேடைகளில் இன்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை முடிக்க வேண்டும், அறுவை சிகிச்சையைச் சற்றுத் தள்ளி வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் அவர் கேட்டாராம். அந்தப் புத்தகம் மேரி கொரெல்லி 1900ஆம் ஆண்டில் எழுதிய 'தி மாஸ்டர் கிறிஸ்டியன்' என்ற தடித்த நாவல் என்பார்கள்.

எத்தனை நாள் தள்ளி வைக்கச் சொன்னார், மருத்துவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மாறாத ஒன்று உண்டு. கதையைக் கேட்கும் யாரும் "அண்ணாவா? அப்படிச் செய்திருக்க மாட்டாரே" என்று சந்தேகப்படுவதில்லை. "அவர் செய்யக்கூடியவர்தான்" என்று உடனே நம்பிவிடுகிறார்கள். ஒரு மனிதரின் வாசிப்புப் பழக்கத்துக்கு ஊரே கொடுத்த சான்றிதழ் அது.

அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டில்தான். அவருக்கு அங்கே மேடை கிடையாது, கோப்புகள் கிடையாது, கேள்வி கேட்கும் சட்டமன்றமும் கிடையாது. அந்த நாவலைப் படித்து அவர் தேர்வு எழுதப் போவதில்லை. கதை அடுத்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். படுத்துக்கொண்டு படிப்பதன் சுகமே அதுதான். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத வாசிப்பு.

இந்த வாரம் அந்தச் சுகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிங்கப்பூரில் நம் தமிழ் எங்கே படுத்து உறங்குகிறது என்பதையும் சேர்த்து.

இரவில் விழித்த எழுத்தாளர்

அண்ணாவை அரசியல்வாதியாக அறிந்த அளவுக்கு எழுத்தாளராக இன்றைய இளையர்கள் அறிந்திருக்கிறார்களா தெரியவில்லை. 1909ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் நெசவாளர் சமூகத்துக் குடும்பத்தில் பிறந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் படித்தார். 1942இல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். நாடகம், சிறுகதை, நாவல், திரைக்கதை, கட்டுரை என்று எழுதிக் குவித்தார். 'ஓர் இரவு' நாடகத்தைப் பார்த்துவிட்டு, தமிழ்நாட்டுக்கும் ஒரு பெர்னார்ட் ஷா கிடைத்துவிட்டார் என்ற பொருளில் கல்கி பாராட்டினார். 1951இல் அது திரைப்படமாகவும் வந்தது.

அவருடன் பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம், அவருடைய நாள் இரவில்தான் தொடங்கும் என்பது. கூட்டம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு புத்தகத்தை எடுப்பார். வெகுநேரம் படிப்பார், எழுதுவார். காலையில் தாமதமாகத்தான் எழுவார். அதிகாலை நிகழ்ச்சிக்காக நான்கு மணிக்கு அலாரம் வைத்துப் படுக்கும் என்னைப் போன்ற வானொலிக்காரர்களுக்கு இதைக் கேட்டாலே பொறாமையாக இருக்கும்.

அண்ணா 1965ஆம் ஆண்டில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனவர். நம் வீடுகளில் உள்ள தாத்தாக்கள், பாட்டிகள் சிலருக்கு அந்தக் கூட்டங்கள் இன்னும் நினைவிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அவர் விட்டுச்சென்றவற்றுள் என் தொழிலுக்கு மிக நெருக்கமானது ஒன்று உண்டு. 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்ற அவருடைய புகழ்பெற்ற உரை மேடையில் பேசியதன்று, வானொலியில் பேசியது. சாப்பாடு, துணி போன்ற அடிப்படைத் தேவைகள் நிறைவேறியவுடன் நாம் எதற்குச் செலவு செய்கிறோம் என்று அதில் கேட்கிறார். அலங்காரப் பொருள்களுக்கும் ஆடம்பரப் பொருள்களுக்கும் வீட்டில் இடம் கொடுக்கிறோம், அந்த இடத்தைப் புத்தகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். நூலகத்துக்குப் போங்கள் என்று சொல்வதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. புத்தகம் வீட்டுக்குள் வர வேண்டும், அரிசிப் பானையைப் போல, பாய் தலையணையைப் போல வீட்டுச் சாமான்களில் ஒன்றாக வேண்டும் என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

நாலறை வீட்டில் நூலகமா?

"நாலறை வீவக வீட்டில் புத்தகசாலைக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஓர் அறை பெற்றோருக்கு, ஓர் அறை பிள்ளைகளுக்கு, இன்னோர் அறை தாத்தா பாட்டிக்கு. மிச்சம் இருக்கும் சுவரில் தொலைக்காட்சி. சாமி அலமாரிக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்துக்கு இடம் இல்லாத வீடு சிங்கப்பூரில் இருக்க முடியாது.

நம் வீடுகளில் தமிழ்ப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. படிப்பு மேசையில், பயிற்சித்தாள்களுக்கு நடுவில் இருக்கிறது. துணைப்பாட வகுப்புக்குப் போகும் கைப்பையில் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பென்சிலும் ஒரு கடிகாரமும் இருக்கின்றன. இதை நான் மேசைத் தமிழ் என்பேன். நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் தமிழ். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடமாக இருப்பதால்தான் நம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது தெரிகிறது. உலகில் பல நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

ஆனால் அதே பிள்ளை இரவில் கட்டிலில் சாய்ந்ததும் எந்த மொழிப் புத்தகத்தை எடுக்கிறது? பெரும்பாலான வீடுகளில் பதில் நமக்குத் தெரியும். மேசையில் தமிழ், மெத்தையில் ஆங்கிலம். ஒரு மொழி வேலைக்கு, இன்னொரு மொழி விளையாட்டுக்கு என்று பிரிந்துவிட்டால், பிள்ளை எதை நேசிக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

கணக்கு என்னவோ கையிலேயே இருக்கிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு ஏறியது. இந்த எண்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் பயன் இல்லை. வீட்டுக்குள் தமிழ் ஓய்வாக இருக்கும் நேரம் ஒன்றையாவது நம்மால் உருவாக்க முடியுமா என்பதே கேள்வி. அதற்கு விளக்கை அணைப்பதற்கு முந்திய இருபது நிமிடங்களைவிட வசதியான நேரம் எனக்குத் தோன்றவில்லை.

கட்டிலே அறையாக

படுக்கையில் படிப்பது சோம்பேறிகளின் பழக்கம் என்று நினைக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. "உட்கார்ந்து படி, கண் கெட்டுப்போகும்" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அந்த அதட்டலுக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. தனக்கென்று அறை இல்லாதவருக்குக் கட்டில்தான் அறை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் நாம் பார்க்கும் வெளிநாட்டு ஊழியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்து அவர்கள் திரும்பிப் போவது தங்கும் விடுதிகளுக்கு. புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர் என்ற விதி 2021ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட அறையில் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது ஈரடுக்குக் கட்டிலில் ஒரு தளமும் ஓர் அலமாரியும்தான். அவருடைய வரவேற்பறை, பூசையறை, தொலைபேசிக் கூடம், வாசிப்பறை எல்லாமே அந்த மெத்தைதான்.

அங்கிருந்தும் எழுத்து பிறக்கிறது. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி 2014ஆம் ஆண்டில் வங்காள மொழி ஊழியர்களுடன் தொடங்கி, பிறகு தமிழ் உள்ளிட்ட மற்ற மொழிகளுக்கும் விரிந்தது. நாள் முழுவதும் உடல் உழைப்பு முடிந்து, மற்றவர்கள் உறங்கும் அறையில், கைப்பேசி வெளிச்சத்தில் ஒருவர் இரண்டு பக்கம் படிப்பது அல்லது நாலு வரி எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்தால், "எனக்கு நேரமே இல்லை" என்று நாம் சொல்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கண் ஓய்ந்தால் காது

படிக்க ஆசை இருந்தும் கண் ஒத்துழைக்காதவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய துணை திரு.வி.க. பத்திரிகையாளர், தொழிற்சங்கத் தலைவர், நாம் இன்று எழுதும் எளிய உரைநடைக்குப் பாதை போட்டவர்களில் ஒருவர். முதுமையில் அவர் பார்வையை இழந்தார், படுக்கையில் விழுந்தார். அப்போதும் நிறுத்தவில்லை. 1951இல் 'முதுமை உளறல்' வந்தது. 1953இல், அவர் மறைந்த ஆண்டில், 'படுக்கைப் பிதற்றல்' வந்தது. தலைப்புகளைக் கவனியுங்கள். உடல் படும் பாட்டைப் பார்த்து உடம்புக்காரரே சிரிக்கிறார். ஒரு தமிழ் எழுத்தாளரின் படுக்கை நூலின் அட்டையிலேயே ஏறிவிட்டது.

பார்வை போன ஒருவருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இன்னொருவரின் குரல் வேண்டும். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ் பார்வை இழந்த பிறகு, புவனோஸ் ஐரிஸ் நகரில் புத்தகக் கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் மாலை வேளைகளில் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினார். அந்த இளைஞர் ஆல்பர்ட்டோ மாங்குவேல். பிற்காலத்தில் வாசிப்பின் வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதியவர். படித்துக் காட்டியவருக்கும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

குரல் வழியாகக் கதை வருவது சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் புதிதன்று. புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன், 2008ஆம் ஆண்டில் கலாசாரப் பதக்கம் பெற்றவர், வானொலியில் பணியாற்றிய மூத்தவர். அவருடைய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' வானொலி நாடகம், அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்துகொண்டிருந்த தலைமுறைக்கு அவர்களுடைய வாழ்க்கையையே சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. ஒலிவாங்கிக்கு முன் உட்காரும் எங்களுக்கெல்லாம் அவர் முன்னோடி.

ஆகவே ஒரு யோசனை. வீட்டில் கண் மங்கிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், தொடக்கப்பள்ளிப் பேரப்பிள்ளையை அவர் கட்டிலுக்கு அனுப்புங்கள். தினமும் இரண்டு பக்கம் படித்துக் காட்டட்டும். "ழ" சரியாக வராதபோது பாட்டி திருத்துவார். புரியாத சொல்லுக்குப் பொருள் சொல்வார், கூடவே ஊர்க்கதை ஒன்றும் சொல்வார். வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் அந்தக் காரணத்தைப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மெத்தையும் மேசையாகிவிடும்.

திரையா, தாளா?

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். நாங்களும் படுக்கையில் படிக்கிறோமே, திறன்பேசியில்தான் படிக்கிறோம், அது போதாதா?

பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்த ஓர் ஆய்வு 2014ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 12 பேரை அங்கேயே தங்க வைத்து, உறங்குவதற்கு முன் சில இரவுகள் ஒளிரும் திரையிலும் சில இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படிக்கச் சொன்னார்கள். திரையில் படித்த இரவுகளில் அவர்கள் உறங்க ஏறத்தாழ 10 நிமிடம் அதிகமானது. உறக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலட்டோனின் சுரப்பு குறைந்தது. மறுநாள் காலையில் முழு விழிப்பு வரவும் தாமதமானது. 12 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். அதிலும் அவர்கள் இரவுக்கு நான்கு மணிநேரம் முழு வெளிச்சத்தில் படித்தார்கள். நாம் அரைமணி படிப்பதற்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

என் அனுபவத்தில் வெளிச்சத்தைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. திறன்பேசியில் புத்தகம் தனியாக வருவதில்லை. கூடவே குடும்ப வாட்ஸ்அப் குழு வருகிறது, அலுவலக மின்னஞ்சல் வருகிறது, யாரோ ஆடும் முப்பது விநாடிக் காணொளி வருகிறது. மூன்றாவது பத்தியில் நிற்கும்போது மேலாளரின் பெயர் திரையில் எட்டிப் பார்த்தால், அந்தப் பத்தி அவ்வளவுதான். அச்சுப் புத்தகத்துக்குள் யாரும் அப்படி நுழைய முடியாது.

அதற்காக மின்னூலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெளியூரில் இருப்பவர்களுக்கும், கண்ணாடி போட்டும் சிறிய எழுத்து தெரியாதவர்களுக்கும் அது வரம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் எழுத்தாளர்களின் நூல்களையும் மின்வடிவில் படிக்கலாம். சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015இல், ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னிலக்க வடிவில் தொகுக்கப்பட்டு தேசிய நூலகத்தின் வழியே பொதுமக்களுக்குக் கிடைத்தன. திரையில்தான் படிப்பீர்கள் என்றால் வெளிச்சத்தைக் குறைத்து, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுப் படியுங்கள்.

எதை எடுப்பது?

படுக்கைக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் எடை. மல்லாந்து படுத்துக்கொண்டு 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தைப் பிடித்துப் பாருங்கள். கண் சொக்கும் நேரத்தில் அது மூக்கில் விழும். அந்த நாவலைத்தான் படிக்க வேண்டும் என்றால் மெல்லிய பதிப்பாகத் தேடுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுங்கள். 1950இல் 'கல்கி' இதழில் தொடராகத் தொடங்கிய கதை அது. மொத்தம் 293 அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்று என்று படித்தால் பத்து மாதத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைக்க எழுதிய அத்தியாயங்கள் அவை. "இன்னும் ஒன்றே ஒன்று" என்று கை தானாகப் புரட்டும். மறுநாள் அதிகாலையில் வேலை என்றால் எச்சரிக்கை.

வாசிப்பை விட்டு வெகுநாள் ஆனவர்களுக்குச் சிறுகதைத் தொகுப்புதான் நல்ல தொடக்கம். நூலகப் புத்தகத்துக்கு 21 நாள் தவணை. இருபது கதை உள்ள தொகுப்பு என்றால் இரவுக்கு ஒரு கதை, தவணைக்கு முன் முடிந்துவிடும். சிங்கப்பூர் எழுத்தாளர்களிடமிருந்து தொடங்கலாம். கதையில் உங்கள் புளோக்கும், மின்தூக்கியும், கீழ்த்தளக் காப்பிக்கடையும் வரும்போது ஏற்படும் நெருக்கம் தனி. தேக்காவில் சாமான் வாங்க வரும் நாளில் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்துக்கும் ஓர் எட்டு போய் வரலாம். கறிவேப்பிலையும் கதைப் புத்தகமும் ஒரே பையில் வீடு திரும்பட்டும்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் புத்தகத்தைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் எந்தக் கதை என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். ஒரே கதையைப் பத்தாவது இரவாகக் கேட்டால் பத்தாவது இரவும் படியுங்கள். படித்து முடித்த பிறகு "இதில் வந்த நீதி என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். இளம் தம்பதிகளுக்கும் இதே விதிதான். ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம். கேட்பவர் பாதியில் உறங்கிவிட்டால் குற்றமில்லை. நாளை அதே பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் தேதி மறைந்தார். நியூயார்க்கில் அந்தக் கதை சொல்லும் நாவலைக் கையில் வைத்திருந்தபோது அவருக்கு மிஞ்சியிருந்தவை நான்கைந்து மாதங்கள்தாம். நமக்கு இன்றிரவே இருபது நிமிடம் இருக்கிறது. திறன்பேசியை வரவேற்பறையில் மின்னூட்டத்துக்குப் போட்டுவிட்டு, ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தலையணைப் பக்கம் வைத்துப் பாருங்கள். முதல் இரவு இரண்டு பக்கத்தில் உறங்கிவிட்டால்கூட, காலையில் அது அங்கேயே இருக்கும்.